எங்கள் வீட்டில் மிஷின் பேச்சு கிடையாது

நானும் என் கணவரும் ஒரே பொருளை விற்கிறவர்கள். ஆனால் ஒரே கம்பெனிக்கு அல்ல. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, காற்றை உறிஞ்சி அமுக்கி, கம்ப்யூட்டர் சொல்கிற வடிவத்தில் கத்தி தானாக ஓடி வெட்டுகிற மிஷின்கள். உலகத்தில் சில பெரிய கம்பெனிகள் இதற்காக முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சண்டையின் திருவனந்தபுரத்துப் பங்கு, வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கல்யாணத்தன்றே என் மாமா, "ஒரே உறையில ரெண்டு கத்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அது சீக்கிரம் வரும்.

அதனால் முதல் வாரமே ஒரு சட்டம் போட்டோம். வாசற்படிக்கு உள்ளே மிஷின் பேச்சு கிடையாது. பேசியே தீரவேண்டுமென்றால் படி இறங்கித் தெருவில் நின்று பேசவேண்டும். ஒரு ஜூன் மாத இடவப்பாதி மழையில், யாருடைய பம்ப் குறைவாகக் கரண்ட் தின்னும் என்று ஒரே குடைக்குள் அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். எதிர் வீட்டு மாமி சொத்துத் தகராறு என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டார்.

போன வருஷம் கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலை மிஷின் வாங்க முடிவு செய்தது. சோதனைக்காக எங்கள் இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு மிஷினை அங்கே இறக்கின. காலையில் அவர் வெட்டிக் காட்டவேண்டும், மதியம் நான். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் இங்குள்ள கிளையை மூடிவிட்டு அவரைத் திருப்பூருக்கு மாற்றுவதாக அவர் கம்பெனி எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை அவர் தெருவில் நின்றுதான் எனக்குக் காட்டினார்.

"விட்டுக் குடுத்தியோ, எனக்குத் தெரிஞ்சுரும், கேட்டியா. பொறவு நான் டிபன் கெட்டித் தரமாட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டில் சமையல் அவர் கை. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், அதோடு சரி.

"உங்களுக்கு விட்டுக் குடுக்க எனக்கென்ன கிறுக்கா?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சோதனையன்று பஸ்ஸில் கழக்கூட்டம் வரைக்கும் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஜெயித்தாலும் கஷ்டம், தோற்றாலும் கஷ்டம்.

எதிர்க் கம்பெனி வெட்டும்போது மற்றவர் வெளியே இருப்பதுதான் எங்கள் தொழில் மரியாதை. கண்ணாடிக்கு இந்தப்புறம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தியைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், துணியை மட்டும் பார்க்கவில்லை. பனியன் துணி. உருளையில் இழுபட்டு வருவது. பிரித்துத் தளர்வாகப் போட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால்தான் தன் அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய துண்டு சுருங்கும், பழி மிஷின்மேல் விழும். எனக்கு இதைச் சொல்லித் தந்ததே அவர்தான். முந்தின நாள் தொழிற்சாலை ஆட்கள் அலமாரியில் பிரித்துப் போட்டிருந்த துணி என்றே அவர் நினைத்திருக்கிறார். மேஜைக்கு அடியில், லாரி சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்போதுதான் கிழிக்கப்பட்டுக் கிடந்ததை நான் பார்த்தேன். ஓய்வெடுத்த துணி என்னுடைய மதியத்துக்காகக் காத்திருந்தது.

மரியாதையாவது மண்ணாவது என்று கதவைத் திறந்து உள்ளே போனேன். மேனேஜர் அம்மாவிடம், "இது இன்னிக்கு வந்த துணி. இதுல வெட்டினா எந்த மிஷினும் தோக்கும். நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே துணியில வெட்டுறோம்" என்றேன். என் கணவர் முகம் சிவந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

மேனேஜர் அம்மாவுக்குச் சந்தேகம். எதிரிக்காக எதிரி ஏன் பரிந்து பேசவேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் விடை கிடைத்தது. நாங்கள் வெவ்வேறு மேஜையில்தான் உட்கார்ந்தோம். இரண்டு டப்பாவிலும் ஒரே உள்ளித் தீயல் குழம்பு, ஒரே வெண்டைக்காய், ஓரத்தில் ஒரே மாதிரி மடித்த வாழையிலைத் துண்டு.

"நிங்ஙள் ஹஸ்பண்டும் வைஃபும் ஆணோ?" என்று மலையாளத்தில் கேட்டார் மேனேஜர் அம்மா.

"வீட்டுல மட்டும்" என்றார் என் கணவர். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் இருவரும் வெட்டினோம். நான் ஒரு இழை விட்டுக்கொடுக்கவில்லை. அடுக்கின் மேல் துண்டையும் அடித் துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். கை பொருத்தும் வளைவில் அவருடையது நூலளவு விலகியது. என்னுடையது பொருந்தி உட்கார்ந்தது. ஆர்டர் எனக்கு.

ஜெயித்த சந்தோஷம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தாங்கியது. அங்கிருந்து ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து, வீட்டுக்குள் போகாமல் தெருவில் நின்றிருந்தார்.

"வளைவுல உன் கத்தி சாயவே இல்லட்டி. நல்லா வெட்டுன" என்றார். பிறகு என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் திருப்பூர் போனார். நான் விற்ற மிஷினைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே இருக்கவேண்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும். பேச்செல்லாம் மிஷின்தான். கத்தி தேய்வது, பம்ப் சூடாவது, மலிவாக ஒரு புதுக் கம்பெனி வந்து எங்கள் இருவர் வயிற்றிலும் அடிக்கப்போவது. மணி அடித்ததும் நான் போனோடு படி இறங்கிவிடுவேன். பழக்கம்.

போன வாரம் நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"உள்ள போ, கேட்டியா. நனையாதே."

"போனா மிஷின் பேச முடியாதே."

"அப்பம் பேச வேண்டாம். போ."

உள்ளே போய் அடுக்களையில் உட்கார்ந்தேன்.

"என்ன வச்ச?" என்று கேட்டார்.

"தீயல். உங்க ருசி வரல்ல" என்றேன். சொல்லவேண்டாம் என்று நினைத்தும் வாயில் வந்துவிட்டது. "அளவு தெரியாம ரெண்டு டப்பாவுக்கு வச்சிட்டேன்."