பொட்டுக்கு அடியில் ஒரு பெயர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதிக்கொள்கிறாள். எதையாவது விட்டுவிட்டால் என் குற்றமில்லை.

அவள் கல்லூரியில் பழைய ரசவாதப் புத்தகங்களை ஆராய்ச்சி செய்கிறாள். செம்பைத் தங்கமாக்குகிற வித்தையாம். நான் அவரைக்காய் உரிக்கும்போது உரக்கப் படித்துக் காட்டுவாள். அப்படி ஒன்றில், கிணத்துக்கடவுக்காரர் ஒருவர் இதெல்லாம் பொய் என்று சிறுநூல் போட்டிருக்கிறார், அந்த மூடரை நம்பாதீர்கள் என்று வந்தது. திட்டு இருந்தது, பெயர் இல்லை.

"அது யாருன்னு தெரியலீன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துருன்னு எங்க ஆராய்ச்சி மேடம் சொல்லிட்டாங்க அமுச்சி." ஒரு வருட உழைப்பு. பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

"கெளம்பு கண்ணு, நானும் வாரேன்" என்றேன். கிணத்துக்கடவு பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. கடைசி வரை விடவில்லை.

இறங்கியதும் அவள், "பழைய நூலாசிரியர் யாராச்சும் இங்க இருந்தாங்களா?" என்று நாலைந்து பேரிடம் கேட்டாள். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பொய் என்று அவ்வளவு அடித்துச் சொல்கிறவர் கையைச் சுட்டுக்கொண்ட வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று நான் இளநீர்க் கடைக்காரரைப் பிடித்தேன்.

"ஏனுங்க, தங்கம் பண்றேன்னு சொத்தை அழிச்ச ஊடு இந்தப் பக்கம் இருக்குதுங்களா?"

"தங்கக்காரரு ஊடுங்களா? அந்தத் தோப்பு தாண்டுனா ஓட்டு ஊடுங்க!"

எழுதியவரை ஊர் மறந்துவிடும். சொத்தை அழித்துக் கெட்டவரை மறக்குமா?

அந்த வீட்டு அம்மணி முதலில் காபி கொடுத்தாள். மூன்று ஸ்பூன் சர்க்கரை இருக்கும். என் டாக்டருக்குத் தெரிய வேண்டாம். பிறகு நாங்கள் தேடிவந்ததைக் கேட்டுவிட்டு, சாமி அறையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

"எங்க பெரியவரு எழுதுனதுங்க. சரஸ்வதி பூசைக்கு வெச்சுக் கும்புடுவோம். ஆரும் படிச்சதில்லீங்க."

தேடிவந்த சிறுநூலேதான். ஆனால் அட்டையைப் பார்த்ததும் பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. வருடா வருடம் வைத்த சந்தனமும் குங்குமமும் அடைபோலத் தடித்து, பெயர் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

"சொரண்டுனா சாமி குத்தமுங்க" என்றாள் அம்மணி.

"சாமிக்குப் பொட்டு வெச்சா மூஞ்சி மறையறாப்பலயா வெப்பாங்க? தொடச்சு உட்டா சந்தோசந்தான் படும்."

அவள் சிரித்துவிட்டாள். தண்ணீர் தொட்டால் தாள் ஊறிப்போகும். அதனால் நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பினேன். கல்லில் ஒட்டிய தோசை மாதிரிதான், ஓரம் கிளம்பினால் நடுவும் வரும். வந்தது. கறுப்பாக எழுத்து தெரிந்தது. அந்தப் பெயரை முதலில் பார்த்தவள் நான்தான். என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை!

பேத்தி எட்டிப் பார்த்து, பெயரை உரக்கப் படித்துவிட்டுக் கத்தினாள். "அமுச்சி, இது பொம்பளப் பேரு!"

அம்மணி கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ, அது பெரியவரு சம்சாரமுங்க! நகையெல்லாம் உருக்கிப்போட்டாருன்னு மூணு மாசம் அவருகிட்டப் பேசவே இல்லீங்களாமா."

பேசத்தான் இல்லை. உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் மகராசி.

பேத்தி போனில் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். அத்தியாயம் இருக்கட்டும் என்று பதில் வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே பொட்டு எங்கீங்க வெக்கறது?" என்று அம்மணி கவலைப்பட்டாள்.

"பின்னட்டையில வெய்யி அம்மணி. பேரு வெளிய தெரியட்டும்" என்றேன்.