ஏழாவது ஆள்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் இருந்தது. ஆனால் சபையில் நிலைத்தது என்னவோ பிள்ளைகள் வைத்த பெயர்தான்: சாவி அங்கிள். ஆலயத்தின் பக்கவாட்டு அறைச் சாவி அவர் கைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அவருக்கு மூன்று நிமிட நடை.

"பிரதர், வேற நாட்டுலேருந்து நம்மள மாதிரி வந்த குடும்பத்துப் பிள்ளைங்க சனிக்கிழமை ஆனா பஸ் நிலையத்துலயே நிக்கிறாங்க," என்றார் போதகர். "அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். வீட்டுல 'வா'ன்னு சொல்ல ஆள் இல்ல. நீங்க மூணு மணிக்கு அறையைத் திறந்து வையுங்க. வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. மிச்சத்தைக் கர்த்தர் பாத்துக்குவார்."

முதல் இரண்டு வாரம் கர்த்தர் பார்த்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. அவர் இருபது நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். அதில் ஒன்றில் உட்கார்ந்தார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் தனியாக உட்கார்ந்தால், எங்கே உட்கார்ந்தாலும் காலி நாற்காலியைத்தான் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டுப் பூட்டினார்.

மூன்றாவது வாரம் மழை பெய்தது. நனைந்தபடி இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அவளைவிட ஒரு வயது சின்னவனாக ஒரு பையன்.

"உள்ள வரலாமா அங்கிள்?"

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் திறந்து வச்சிருக்கேன்."

"வைஃபை இருக்கா?"

இருந்தது. அடுத்த வாரம் அவர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்தார்கள். ஆக மொத்தம் ஆறு. அதற்குப் பிறகு கூடவுமில்லை, குறையவுமில்லை.

அந்தப் பெண்ணை மற்றவர்கள் லாயர் என்று கூப்பிட்டார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் என்று எங்கே போனாலும் அம்மாவுக்காகப் பதினோரு வயதிலிருந்து பேசுகிறவள் அவள்தான். பையன் அண்ணன் கழித்துப்போட்ட, இரண்டு அளவு பெரிய பூட்ஸைப் போட்டிருந்தான். அதனால் அவன் பெயர் பூட்ஸ்.

சாவி அங்கிள் வேதாகமத்தை விரித்தால் ஆறு பேரும் ஃபோனை விரிப்பார்கள். ஒருநாள் பூட்ஸ் கேட்டான்: "அங்கிள், அந்தக் காலத்துல இன்டர்நெட் இல்லாம எப்படி இருந்தாங்க?"

"கஷ்டப்பட்டாங்கப்பா. மேப் பார்க்க வழியில்ல. அதான் வனாந்தரத்துல நாற்பது வருஷம் சுத்துனாங்க."

அன்று அவர்கள் சிரித்தது அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"பிள்ளைங்க ஜெபிக்கிறாங்களா பிரதர்?" என்று மாதம் ஒருமுறை போதகர் கேட்பார்.

"பிஸ்கட்டுக்கு முன்னாடி கண்ணை மூடுறாங்கய்யா. ஒருத்தன் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பாக்கெட்டைக் காவல் காக்கிறான்."

வாரத்தின் மற்ற நாட்களில் அவருக்கு ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில், சலவைப் பகுதியில் வேலை. முன்பெல்லாம் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராக மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். அப்படி நடந்துவரும்போதே பாதிக் கதை பேசி முடித்துவிடலாம். இப்போது மெஷின் வந்துவிட்டது. இரண்டு முனைகளை அதன் கிளிப்பில் மாட்டினால் போதும், மறுபக்கம் மடிந்து விழும். எதிரிலிருந்து யாரும் நடந்துவருவதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் இந்த நாட்டுக்குத் தனியாக வந்தபோது மகளுக்கு ஆறு வயது. ஒரே வருடத்தில் அவளையும் மனைவியையும் அழைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஆனால் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கேட்டது, அது மூன்றாவதைக் கேட்டது. இப்போது அவளுக்குப் பதினான்கு. வியாழக்கிழமை தோறும் ஃபோனில் பேசுவார்கள்.

ஒரு சனிக்கிழமை லாயர் டேபிள் டென்னிஸ் மட்டையோடு வந்து நின்றாள். மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பூட்ஸ் மட்டும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூலையில் கிடந்தான்.

"அங்கிள், நாங்க விளையாடலாமா?"

"தாராளமா விளையாடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் அங்கேயே நின்றாள். மட்டையை இன்னும் அவர் பக்கமாகத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். "உங்களத்தான் அங்கிள் கூப்பிட்டேன்."

"அப்ப 'நாம விளையாடலாமா'ன்னு கேக்கணும்மா. நாங்கன்னா எதிர்ல இருக்குற ஆள் கணக்குல இல்ல. நாமன்னா அவரும் உண்டு."

"ஒரே ஒரு வார்த்தைய மாத்துனா ஒரு ஆள் வெளிய போயிடுவாரா?"

"போயிடுவார்."

"ரொம்ப மோசமான பாஷை அங்கிள்," என்றபடி அவள் பந்தைப் போட்டாள். அவர் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை மகள் வழக்கத்தைவிட நிதானமாகப் பேசினாள்.

"அப்பா, நாங்க நல்லா யோசிச்சோம். நாங்க அங்க வரலப்பா. எங்களுக்கு இங்கயே பழகிடுச்சு. கோவிச்சுக்காதீங்க."

மகளின் தமிழில் ஒரு பிழை கிடையாது.

"கோவம் என்னம்மா கோவம்," என்றார். "சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டோம்பா."

ஃபோனை வைத்த பிறகு அவர், அறைவாசிகள் எல்லோருக்கும் பொதுவான சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல், தனக்கு ஒதுக்கிய அந்த ஒரு அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து அறைக்காரர் பின்னால் வந்து தொண்டையைக் கனைத்த பிறகுதான் விலகினார்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் பூட்ஸ் எதிர்ப்பட்டான்.

"அங்கிள், நாளைக்கு ரூம் திறக்க வேணாம். நாம ஏரிக்குப் போறோம். படகு ஓட்ட. ரெண்டு மணிக்கு."

"நாமளா?"

"ஆமா, நாம எல்லாரும்," என்று சொல்லிவிட்டு அவன் தன் நிறுத்தத்தில் குதித்து இறங்கிவிட்டான்.

சனிக்கிழமை காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். நாள் முழுக்க ஊர்த் துணியைத் தேய்க்கிறவர் தன் துணியைத் தேய்ப்பது அபூர்வம். இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஒன்றரைக்கே ஏரிக்கரைக்குப் போய்விட்டார்.

இரண்டே காலுக்கு ஆறு பேரும் வந்தார்கள். தூரத்தில் சிரித்துக்கொண்டே வந்தவர்கள், அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"அங்கிள்? நீங்க எங்க இங்க?" என்றாள் ஒருத்தி.

அவருக்குப் புரிந்துவிட்டது. "சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேலை."

"ஏரியிலயா?"

லாயர் அவருடைய சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். பிறகு பூட்ஸ் பக்கம் திரும்பினாள்.

"டேய், அங்கிள்கிட்ட என்னடா சொன்ன?"

"ரூம் திறக்க வேணாம், நாம படகுக்குப் போறோம்னு சொன்னேன்."

"'நாம'ன்னா சொன்ன?"

"ஆமா. நாம, நாங்க, எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாம்ப்பா, ஒண்ணுதான்," என்று அவசரமாகக் குறுக்கிட்டார் சாவி அங்கிள். பிள்ளைகளுக்கு அவர் தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான். "இந்தாங்க பிஸ்கட். நீங்க கிளம்புங்க, நேரமாகுது."

"ஒரு படகுக்கு ஆறு பேர்தான். சட்டுனு ஏறுங்க," என்று படகுக்காரர் குரல் கொடுத்தார்.

ஐந்து பேர் ஏறினார்கள். படகு இப்படியும் அப்படியும் ஆட, ஒரே கூச்சல். லாயர் மட்டும் கரையிலேயே நின்றாள்.

"ஏறுடி," என்றார்கள்.

"நீங்க போங்க. நாங்க அடுத்த படகுல வர்றோம்."

யாரைச் சேர்த்துச் சொல்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு குப்பைத்தொட்டி மட்டும்தான் இருந்தது.

அடுத்த படகுக்கு இருபது நிமிடம் ஆனது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவளுடைய அம்மா மின்சாரக் கட்டண அலுவலகத்திலிருந்து ஃபோனில் கூப்பிட்டார். அங்கிருந்த ஆளிடம் இந்த ஊர் மொழியில் படபடவென்று பேசி முடித்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

"என்னைப் பாத்துப் பாவமாயிடுச்சா?" என்று கேட்டார் அவர்.

"பாவமெல்லாம் இல்ல அங்கிள். அவனுங்களோட ஏறினா முழுசா நனைஞ்சிடுவேன்."

அவர்களுக்கென்று சின்னப் படகு ஒன்று வந்தது. இருவருக்குமே துடுப்புப் போடத் தெரியவில்லை. அவர் வலப்பக்கம் தள்ள, அவளும் வலப்பக்கமே தள்ள, படகு கரைக்கு நாலடி தள்ளி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. தண்ணீர் அவருடைய ஷூவுக்குள் புகுந்தது.

"அங்கிள், நாற்பது வருஷம் ஆகுமா?" என்று கேட்டாள் லாயர்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் அவர் மகளுக்கு ஃபோன் போட்டார்.

"என்னப்பா, இன்னைக்கு சனிக்கிழமையாச்சே? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. நாங்க இன்னைக்குப் படகுல போனோம். அதான் சொல்லலாம்னு."



"நாங்கன்னா யாருப்பா?" என்று கேட்டாள் மகள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஈர ஷூவின் முடிச்சை அவிழ்த்தார்.

"சொல்றேன்மா," என்றார். "உனக்கு நேரம் இருக்கா?"