மேல் வரிசையின் நான்கு பற்கள்

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கரை மணிக்குத் தொலைபேசி அடித்தபோது அர்லீன் க்ளூவல் சர்க்கரை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மசித்த உருளைக்கிழங்கு கொஞ்சம் கூடிப்போய் மாவு கையை விடமாட்டேன் என்றது. அந்தக் கையோடுதான் எடுத்தாள். எட் ஃப்ரான்ட்ஸ் பேசினார். தேவாலயத்தில் டிராம்போன் என்ற நீளப் பித்தளைக் குழல் ஊதும் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவளுடைய கணவர் வில்லர்டோடு பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து ஊதுகிறவர்.

இரும்புச் சாமான் கடை வாசலில் வில்லர்ட் புல்வெளிக்கான சுண்ணாம்பு மூட்டையைக் காரில் ஏற்றியிருக்கிறார். பிறகு காரின் பின்விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். எட் தற்செயலாக அங்கே இருந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, ஆனால் அதற்குள் உயிர் போய்விட்டிருந்தது.

அர்லீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "முகம் குப்புற விழுந்தாரா?" என்றாள்.

"இல்ல அர்லீன். உட்கார்ந்த மாதிரியேதான்."

"பல்லு?"

"அப்படியே இருக்கு. நான் பார்த்தேன்."

இருவருக்குமே அந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை. அதன் பிறகுதான் அவள் கையைக் கழுவப் போனாள்.

வில்லர்ட் க்ளூவல் கிரேஸ்ஹில்லில் பிறந்து, பக்கத்துச் சிமெண்ட் ஆலையில் சூளைக்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் அடிக்குரல் டிராம்போன் அவருடையது. ஊரில் சபையார் யாராவது இறந்தால் குழு மணிக்கூண்டில் ஏறி மூன்று பாட்டு ஊதும். முதல் பாட்டு, ஒருவர் போய்விட்டார் என்று சொல்லும். இரண்டாவது பாட்டு, போனவர் மணமான ஆணா, பெண்ணா, கன்னியா, விதவையா, குழந்தையா என்று சொல்லும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மெட்டு. மூன்றாவது பாட்டு முதல் பாட்டேதான். அது முடிந்த பிறகு ஜனங்கள் விட்ட வேலையைத் தொடரலாம். ஈஸ்டர் அன்று அதே குழு விடிவதற்கு முன்னால் தெருத்தெருவாகப் போய் ஊரை எழுப்பி, கல்லறைத் தோட்டத்தில் சூரியன் வரும்வரை ஊதும். வில்லர்ட் பதினாறு வயதிலிருந்து ஓர் ஈஸ்டர்கூடத் தவறியதில்லை. மற்றபடி அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது குறைவு. அதிகம் பேசமாட்டார், மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வருவார், பிரெட்ஸல் என்ற கெட்டியான முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்பார்.

பிரெட்ஸலை ஊறவைத்தது ருசிக்காக அல்ல. ஐம்பது வயது நெருங்கும்போதே அவருக்கு ஈறு கெட்டுப்போயிருந்தது. முதலில் பல் தேய்த்துத் துப்பினால் சிவப்பாக வந்தது. அழுத்தித் தேய்க்கிறோம் போல என்று அவர் தேய்ப்பதைக் குறைத்துக்கொண்டார். ரத்தமும் குறைந்தது, வைத்தியம் பலித்துவிட்டதாகச் சில வருடங்கள் நம்பினார். அந்த வருடங்களில் அர்லீன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகினாள். மணிக்கூண்டில் எட் காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டார். வாய் நாறுகிறது என்று இருவரும் அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் டிராம்போனின் ஊதுவாயில் ரத்தம் படிந்த பிறகுதான் வில்லர்ட் பல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ரோரர் விஷயத்தை மறைக்கவில்லை. பல்லுக்குக் கீழே எலும்பு கரைந்திருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அதற்கு ஆயுள் முழுக்க உழைக்கவேண்டும் என்றார். பல்லைச் சுத்தம் செய்யும் பானி என்ற பெண், கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று ஒவ்வொரு பல்லாகச் சத்தமாகச் சொல்லுவாள். மூன்று வந்தால் நல்லது. வில்லர்டுக்கு ஆறும் ஏழும் வந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, தாளம் ஒன்றும் சேரவில்லையே என்றார். பானி சிரித்ததில் கம்பி குத்திவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறைத் தொட்டி அவருடையது. வானொலியில் பேஸ்பால் வர்ணனை ஓட, நூலை விரலில் சுற்றிப் பல் இடுக்குகளில் விடுவார். புட்டி கழுவுகிற பிரஷ்ஷைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினாற்போல் ஒரு பிரஷ் உண்டு. அதைக் கடைவாய் இடுக்கில் நுழைத்து எடுப்பார். ஆட்டம் நீண்டால் அவரும் நீட்டுவார். புகைக்குழாய் பிடிப்பதை விட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பானியிடம் போனார், பனி கொட்டினாலும் போனார். அந்தச் சின்ன பிரஷ்ஷால் அவர் டிராம்போன் ஊதுவாயையும் தேய்ப்பதை அர்லீன் ஒரு நாள் கண்டுபிடித்தாள். எது முதலில் என்று கேட்டாள். அதன் பிறகு அவர் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டார்.

இப்படியே நோயை ஒரு நிலையில் நிறுத்திவைத்திருந்தார். கடைவாய்ப் பற்கள் இரண்டு போயின. அவற்றைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மேல் வரிசையில் முன்னால் இருந்த நான்கும்தான் அவருக்குப் பல். ஊதுவாய் அந்த நான்கின் மேல்தான் சாய்ந்து நிற்கும். சென்ற குளிர்காலத்தில் அந்த நான்கும் ஆட ஆரம்பித்தன.

பிடுங்கிவிட்டுப் பல்செட்டு வைத்துவிடலாம், வலியும் போகும், இறைச்சியும் தின்னலாம் என்று டாக்டர் ரோரர் சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் என்று வில்லர்ட் கேட்டுக்கொண்டார். ஈஸ்டர் வரை தாங்குமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றைக்கு வீட்டில் பன்றித் தொடையை அரைத்துக் கூழாக்கி அவர் தட்டில் வைத்த அர்லீனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பிடுங்கிட்டா என்ன? நம்ம சபையில பாதிப் பேர் பல்செட்டு போட்டுத்தான் திங்கிறாங்க."

"திங்கலாம். ஊத முடியாது."

"ஊதாம இருந்தா என்ன?"

வில்லர்ட் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார். "தெரியல," என்றார். "இருந்து பார்த்ததில்ல."

 அன்று முதல் அர்லீனும் ஈஸ்டரை எதிர்பார்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு காலையும் அவர் வாயைத் திறக்கும்போது நான்கும் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தாள்.

குழுவில் யாருக்கும் வில்லர்ட் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் அடிக்குரல் ஊதுகிற இளைஞன் ஒருவன் இருக்கிறான், நல்ல பல்வரிசைக்காரன், ஞாயிற்றுக்கிழமைகளில் எட் ஃப்ரான்ட்ஸைச் சுற்றிவந்துகொண்டிருந்தான். எட் ஃப்ரான்ட்ஸுக்குத் தெரிந்தால் வில்லர்டின் இடம் போய்விடும். குழு கூடும் நாட்களில் வில்லர்ட் பாதி ஊதி, பாதி ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பிச் சமாளித்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம், பல் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க அவர் நிலவறைக்குள் இறங்கினார். எதை ஊதுவது? அழுத்தம் வேண்டாத, மேல் ஸ்தாயி இல்லாத, நிறுத்தி நிறுத்தி மூச்சு விடக்கூடிய பாட்டு ஒன்றுதான் அவருக்குத் தோன்றியது. சாவுப் பாட்டு. அதை வீட்டில் யாரும் ஊதுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட முணுமுணுத்துத்தான் பழகுவார்கள். நிலவறைதானே என்று நினைத்தார். மேலே அர்லீன் வெங்காயம் வதக்கியதில் புகை நிறைந்து, அவள் நிலவறை ஜன்னல் உட்பட எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

முதல் பாட்டை முழுக்க ஊதினார். ஊதியதும் வலி பிடரி வரை ஏறியது. டிராம்போனைக் கீழே வைத்துவிட்டு நாக்கால் நான்கையும் தடவிப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தெருவில் எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். எதிர்வீட்டு எட்னா ஷைமர், தொண்ணூறு வயது, திருமணம் செய்யாதவர், சிறுவயதில் வில்லர்டுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவர், ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். முதல் பாட்டு முடிந்துவிட்டது. யார் என்று சொல்லும் இரண்டாவது பாட்டுக்காகத் தெரு காத்திருந்தது. அது வரவில்லை. ஒருவரும் உள்ளே போகவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ளே போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

அர்லீன் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எட் மிகவும் மனம் புண்பட்டிருந்தார். யார் போனது, தலைவனான தன்னைக் கூப்பிடாமல் யார் குழுவைக் கூட்டினார்கள் என்று கேட்டார். அதே சமயம் எட்னாவின் மருமகள் ஜாய்ஸ், தம்பி மகனைக் கட்டியவள், கதவைத் தட்டினாள்.

"அத்தை குளிர்ல நிக்கிறாங்க. யாருன்னு தெரிஞ்சாத்தான் உள்ள வருவாங்களாம். கொஞ்சம் சீக்கிரம் ஊதச் சொல்லுங்க."

வில்லர்ட் மேலே வந்து வாசலில் நின்றார். தெரு முழுவதும் அவரைப் பார்த்தது.

"யாரும் சாகல," என்றார். "பல்லைச் சோதிச்சுப் பார்த்தேன்."

எட்னா ஷைமர் ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டார். "யாருன்னு சொல்லாம நிறுத்திட்டியே வில்லர்ட்," என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. "ஒருவேளை நான்தானோன்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

அதற்குள் மூன்றாம் வீட்டில் துக்க வீட்டுக்கென்று நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் அடுப்பில் ஏறிவிட்டிருந்தன. சத்தம் வந்த வீடு என்பதால் அதைக் க்ளூவல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மெத்தென்று இருந்தது. வில்லர்ட் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எட் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் வில்லர்டைச் சமையலறை விளக்கடியில் நிற்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பழைய காரின் எஞ்சினைப் பார்க்கிறவர்போல் குனிந்து பார்த்தார். விரலால் ஒன்றைத் தொட்டார். அது நகர்ந்தது. அர்லீன் தொட்டியருகே நின்று, இதோ அந்தக் கல்லூரிப் பையனின் பெயரை இவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"ஊதுறப்போ உப்பினியே கன்னத்தை, அது?"

"சும்மா."

"நல்லாத்தான் உப்பினே. நான் நம்பினேன்." எட் விரலைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பையன் எல்லாச் சுரத்தையும் சரியாத்தான் ஊதுறான். ஆனா அவன் பக்கத்துல நின்னா எனக்குக் குளிருது. ஈஸ்டருக்கு நீ வா. அதுக்கு உன் டாக்டர் என்ன செய்யணுமோ செய்யட்டும். கட்டிப்போடச் சொல்லு."

டாக்டர் ரோரர் அப்படியே கட்டிப்போட்டார். நான்கு பற்களையும் அவற்றின் இருபக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பின்புறமாக மெல்லிய கம்பி வைத்துப் பிணைத்தார். வெளியே தெரியவில்லை, நாக்குக்கு மட்டும் வேலி கட்டினாற்போல் இருக்கிறது என்றார் வில்லர்ட். ஆனால் ஈறு அழுக்காக இருந்தால் கம்பி பிடித்துப் பயனில்லை, ஆழமாகச் சுரண்டிச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பானி மரத்துப்போகும் ஊசி போட்டு வலது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் செய்தாள். அன்று மாலைவரை வில்லர்டின் உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. காப்பி சட்டையில் இறங்கியது. இரண்டு மூன்று நாள் ஊத முடியவில்லை. இடது பக்கத்துக்கு நாள் பார்த்தால் அது ஈஸ்டருக்கு முந்தைய பாடுகளின் வாரத்தில் விழுந்தது. அவர் மாற்றச் சொன்னார். ஈஸ்டர் முடியட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சுரண்டிக்கொள் என்று பானியிடம் சொன்னார்.

ஈஸ்டர் அன்று அர்லீன் சபையாரோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். கற்கள் எல்லாம் ஒரே அளவில் புல்லில் படுத்திருக்கும் இடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், இறந்த வரிசைப்படி. குழு மூலைக்கு ஒரு கும்பலாகப் பிரிந்து நின்றது. ஒரு மூலை ஊதினால் எதிர்மூலை பதில் ஊதும். வில்லர்ட் தூரத்து மூலையில் இருந்தார். முதல் மூலை ஊதி முடித்தது. அர்லீன் மூச்சை அடக்கிக்கொண்டாள். பதிலில் மேல் குரல்கள் மூன்றும் வந்தன, அவற்றுக்கு அடியில் ஒன்றும் இல்லை. பிறகு வில்லர்டின் அடிக்குரல் வந்தது, தரைக்குக் கீழிருந்து எழும்புவதுபோல. ஒரு மூச்சு தாமதம், அவ்வளவுதான். சூரியன் வரும்வரை அது விடவில்லை. பக்கத்தில் நின்ற ஜாய்ஸ் கைக்குட்டையை நீட்டியபோதுதான் தான் அழுவது அர்லீனுக்குத் தெரிந்தது. குளிர் காற்று என்று சொன்னாள்.

காலை உணவுக்கு வந்த வில்லர்ட் கண்ணாடிமுன் நின்று நான்கையும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. முட்டையைத் தின்றுவிட்டு மத்தியானம்வரை தூங்கினார்.

நான்கு நாள் கழித்துத்தான் அந்தச் சுண்ணாம்பு மூட்டை. ஈறு நோயா இதயத்தைப் பிடித்தது என்று அர்லீன் மருத்துவமனை டாக்டரிடம் கேட்டாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள், இவருடைய விஷயத்தில் அப்படித்தான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். அர்லீன் நன்றி சொன்னாள்.

மறுநாள் காலையில் குழு மணிக்கூண்டில் ஏறியது. எட் கல்லூரி இளைஞனைக் கூப்பிடவில்லை. அடிக்குரல் இல்லாமலே முதல் பாட்டை ஊதினார்கள், பிறகு மணமான ஆண்களுக்கான பாட்டை, பிறகு முதல் பாட்டை. தெருவில் எல்லாரும் முடியும்வரை நின்றார்கள். அர்லீனும் சமையலறையில் நின்றாள். முடிந்த பிறகு, மீந்திருந்த மாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினாள்.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் காப்பியும் ரொட்டியும் பரிமாறினார்கள். பானியும் வந்திருந்தாள். அர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு, வில்லர்ட் மாதிரித் தினமும் உழைத்த வாயைத் தான் பார்த்ததில்லை என்றாள். பிறகு, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியை அவருக்காக ஒதுக்கி வைத்திருந்தேன் என்றாள். வலது பக்கம் மேலும் கீழும் முடிந்திருந்தது. இடது பக்கம் முடியவில்லை.