அலகுக்குத் திறந்த வாய்

அம்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். பந்தல்குடிப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் நான். மகள் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு வருஷம் தவிர, தவறாமல் எங்கள் காளியம்மனுக்குப் பங்குனிப் பொங்கலில் கன்னத்தில் அலகு குத்துகிறவன். அப்படிப்பட்டவன் பல் டாக்டருக்குப் பயந்து ஓடினேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

போன வருஷம் மாசியில் மேல் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். படுத்தால் காது வரை தெறித்தது. எழுந்து நடந்தாலும் விடவில்லை. வண்டி ஒரு குழியில் இறங்கினால் உயிர் போய் வந்தது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நிஜமாகவே நம்பினேனா, நம்புவது வசதியாக இருந்ததா, எனக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரி முத்துலட்சுமி அருப்புக்கோட்டையில் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். உள்ளேயிருந்து பல்லைக் குடைகிற மெஷின் சத்தம் கேட்டது. "வண்டி குறுக்க நிக்குது, தள்ளி விட்டுட்டு வாரேன்" என்று வெளியே வந்தவன் நேராக ஊர் வந்து சேர்ந்தேன். பாவம், அவள் பஸ்ஸில் வந்தாள்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்பு மட்டும் கட்டிவிட்டால் என்னை யாரும் டவுனுக்குக் கூப்பிட முடியாது. "தாயே, வலியை நீயே எடுத்துரு. டாக்டர்கிட்ட மட்டும் அனுப்பாத" என்று அழுதேன். கன்னம் வீங்கியது. துண்டால் மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

காப்புக் கட்டும் அன்று கையை நீட்டினேன். பூசாரி துண்டை விலக்கிப் பார்த்தார்.

"ஏலே, சீழ் வச்சிருக்கு. இதுல எப்படிலே அலகு குத்த?"

"நேர்த்திக்கடன்ணே."

"ஆத்தா உசுரையா கேட்டா? காப்புக் கெடையாது. ஆசுபத்திரிக்குப் போ."

சாமியே கைவிட்டது என்று நினைத்தேன். கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அதற்கு மேல் ஓட இடமில்லை.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வீக்கம் வற்ற முதலில் மாத்திரை கொடுத்தார். பல்லை எடுக்க அவர் வரச் சொன்ன நாள், எங்கள் ஊரில் பொங்கல் நாளாகவே அமைந்தது.

நாற்காலியில் சாய்ந்தேன். "வலிச்சா கையைத் தூக்குங்கண்ணே, நிறுத்திருவேன்" என்றார். ஊசியை எடுக்கும் முன்பே கையைத் தூக்கினேன். மறுபடியும் தூக்கினேன். பற்கள் கிட்டித்துக்கொண்டன. இந்த நேரம் அம்மன் முன்னால் நிற்க வேண்டியவன், இங்கே இப்படிக் கிடக்கிறேனே என்று கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. தாயே, வலியை எடுக்க வேண்டாம், என் வாயைத் திறந்துவிடு.

பக்கத்தில் நின்ற முத்துலட்சுமி, "ஏங்க, இந்நேரம் ஊர்ல அலகு குத்துவாக" என்றாள். சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்த்து, "கோச்சுக்காதீக" என்றாள்.

குலவை போட்டாள். அந்தக் கண்ணாடி அறை அதிர, கோயிலில் போடுகிற அதே குலவை. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். உடம்பு சிலிர்த்தது. வருஷா வருஷம் அந்தச் சத்தத்துக்குத் திறந்த வாய் தானாகத் திறந்தது. ஊசி இறங்கியது. பல் வந்ததுகூடத் தெரியவில்லை.

கண் போகவில்லை. இந்தப் பங்குனியில் அலகு குத்தி அம்மன் முகத்தை நன்றாகவே பார்த்தேன். டாக்டரிடம் அனுப்பாதே என்று கேட்டவனை, பூசாரியின் கையாலேயே அனுப்பிவைத்தவள் அவள். அனுப்பிவிட்டு, கூடவும் வந்தாள்.

துண்டால் கன்னத்தை மறைத்துத் திரிகிறவர்கள் இதைப் படித்தால், அவளை நம்பி எழுந்து வாருங்கள். என் வண்டி இருக்கிறது. முத்துலட்சுமியும் வருவாள். டவுன் என்றெல்லாம் அவளுக்குக் கூச்சம் கிடையாது.