வலது பக்கம் திரும்பிய தும்பிக்கை

சாமி படம் விற்பது சுலபம், அதற்கு அர்த்தம் சொல்லித்தான் மாளாது. சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு ஃபிரேம் கடையில் பதினோரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். துணிக்கடையோ நகைக்கடையோ, கவுண்டருக்கு உட்பக்கம் நின்று வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிய பாவப்பட்ட ஜென்மங்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது. சொன்னால் எனக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

மிதிபடுகிறவர்கள்

பொங்கோலிலிருந்து ஒரு தம்பதி வந்து மயில்மேல் முருகன் படத்தை எடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு எல்லாம் பிடித்துவிட்டது, மயிலின் காலடியில் இருக்கிற பாம்பைத் தவிர. ஃபிரேம் போடும்போது ஓரத்து அட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பாம்பை மறைத்துவிடச் சொன்னார். பாம்பு ஆணவம், அதை அடக்கி வைத்திருப்பதுதான் படத்தின் விஷயமே என்றேன். எம்ஆர்டி ரயில் அறிவிப்பைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார். அட்டையை அவ்வளவு ஏற்றினால் முருகனின் பாதமும் போய்விடும் என்றேன். பரவாயில்லையாம், முகம் தெரிந்தால் போதுமாம்.

அடுத்த வாரம் இன்னொரு மேதாவி. காண்டோ என்கிற பணக்கார அடுக்குமாடி வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கிற பையன், முப்பது வயதிருக்கும். நடராஜர் வேண்டும், காலுக்குக் கீழே கிடக்கிற முயலகன் வேண்டாம். ஒருவரை மிதிப்பது நெகட்டிவாக இருக்கிறதாம். அவன் பெயரே அறியாமை தம்பி, அதை மிதிக்கத்தான் அந்தக் கால் என்று பொறுமையாகச் சொன்னேன். அறியாமையை ஒழிக்காமல் அட்டைக்கு அடியில் தள்ளிவிடப் பார்க்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதெல்லாம் ஓகே ஆன்ட்டி, ஆனா கெஸ்ட் வந்தா கேப்பாங்கல்ல, கீழ கிடக்கிறது யாருன்னு."

வலம்புரி வந்த விதம்

போன வருடம் அச்சகத்திலிருந்து ஒரு கட்டு விநாயகர் படம் வந்தது. கம்ப்யூட்டரில் யாரோ படத்தை இடம் வலமாகப் புரட்டிவிட்டு அப்படியே அடித்துத் தள்ளியிருந்தார்கள். சாதாரணமாக விநாயகரின் தும்பிக்கை அவருடைய இடது பக்கம் வளைந்திருக்கும். இதில் வலது பக்கம். வலம்புரி அபூர்வம், சக்தி அதிகம் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் முதலாளி கட்டைப் பிரித்ததும் முகம் மலர்ந்துபோனார்.

இது அச்சுப்பிழை, திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றார். கண்ணாடிக் கதவுக்கு நேரே மாட்டி, "வலம்புரி, கிடைப்பதற்கரியது" என்று என்னையே எழுதி ஒட்டச் சொன்னார். எழுதி ஒட்டினேன். விற்றும் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போய் வேலை தேடுவது என்ற பயம்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வாங்கிய ஒருவர்கூட தும்பிக்கையைத் தாண்டிப் பார்க்கவில்லை. மணிக்கணக்காக நின்று அர்த்தம் கேட்கிறவர்கள் படத்தைப் பார்த்திருந்தால்தானே! பார்த்தவர் எங்களுக்கு ஃபிரேம் போட்டுக் கொடுக்கிற ஆ செங் மட்டும்தான். பக்கத்து ஜாலான் புசாரில் பிறந்து வளர்ந்த சீனர், தேக்காவிலேயே தமிழ் கற்றுக்கொண்டவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இந்த சாமி ஏன்லா இடது கையில ஆசீர்வாதம் பண்ணுது? உங்க ஆளுங்களுக்கு இடது கை ஆகாதே."

உட்லண்ட்ஸ் மருமகள்

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். பெயர் கவிதா, ஏழு மாதக் கர்ப்பிணி, வீடு உட்லண்ட்ஸில். அவளுடைய மாமியாருக்கு வலம்புரியை நான்தான் விற்றிருந்தேன். வலம்புரி வீட்டில் இருந்தால் ஆசாரம் கடுமையாக இருக்க வேண்டும் என்று யாரோ மாமியாரின் காதில் போட்டிருக்கிறார்கள். விடியுமுன் தலைக்குக் குளிக்க வேண்டும், ஈரத்தலையோடு கொழுக்கட்டை செய்து படைக்க வேண்டும், அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. மாமியாருக்கு முழங்கால் வலி. ஆகவே பக்தி அவருக்கு, குளியல் இவளுக்கு.

அதையெல்லாம் முடித்துவிட்டு இவள் ரயிலில் நின்றுகொண்டு வேலைக்குப் போக வேண்டும். முந்தின நாள் ரயிலிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஒழுங்காகத் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். நிறுத்தினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் மிரட்டியிருக்கிறார். முதலாளி பக்கத்தில் போனைப் பார்ப்பது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையையும் படத்தையும் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் போகவில்லை. "அக்கா, நிறுத்துனா புள்ளைக்கு நிஜமாவே ஏதாச்சும் ஆயிடுமா? படத்தை வித்தது நீங்கதானே, உங்களுக்குத்தானே தெரியும்."

பூணூல்

சனிக்கிழமை மாமியார் வந்தார். மஞ்சள் துணியில் சுற்றிய படத்தைச் சுமந்து வந்தது மருமகள்தான். கடையில் கூட்டம். முதலாளி கண்ணாலேயே என்னைத் தடுத்தார். வேலை போனால் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன். இது வலம்புரியே இல்லை, கம்ப்யூட்டர் புரட்டிப் போட்ட படம், ஆசாரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த அம்மா அசையவே இல்லை. கம்ப்யூட்டரைப் புரட்ட வைத்ததும் அந்த விநாயகர்தானே என்று திருப்பிக் கேட்டார்.

உண்மை செல்லாத இடத்தில் அர்த்தம் செல்லும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் வீட்டுக்காரருக்குக் காரியம் செய்தபோது ஐயர் உங்கள் மகனுக்குப் பூணூலை எந்தத் தோளில் மாட்டினார் என்று கேட்டேன். யோசித்து, வலது தோள் என்றார். படத்தைத் துணியிலிருந்து எடுத்து விநாயகரின் தோளைக் காட்டினேன். எப்போதும் இடது தோளில் இருக்க வேண்டிய பூணூல் வலது தோளில் கிடந்தது. சாவு வீட்டுக் கோலத்தில் இருக்கிறவருக்கா பிள்ளைத்தாச்சி கொழுக்கட்டை படைக்கிறாள் என்றேன். படத்தைத் தொட்டுக்கொண்டிருந்த கையை அந்த அம்மா சட்டென்று எடுத்துக்கொண்டார். குளியல், கொழுக்கட்டை, பட்டினி எல்லாம் அந்த நொடியே ரத்து. நான் சொன்னதும் ஒரு மிரட்டல்தான், அவர்கள் பாணியிலேயே. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் முதலாளியே ஏணி போட்டு மீதி வலம்புரிகளை இறக்கினார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாமியாரோ அதற்குள் அடுத்த சுவருக்குப் போய்விட்டார். நின்ற லட்சுமி நல்லதா, உட்கார்ந்த லட்சுமி நல்லதா, எதற்குச் சக்தி அதிகம் என்று ஆ செங்கைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தார். கவிதா வயிற்றைப் பிடித்தபடி மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றாள். அத்தைக்குக் கேட்காமல் சொன்னாள்: "அக்கா, ஒரு அர்த்தமும் இல்லாத சாமி படம் ஏதாச்சும் இருந்தா, அதைக் காட்டுங்களேன்."

பதினோரு வருடத்தில் இந்தக் கடையில் என்னிடம் யாராவது கேட்ட ஒரே நியாயமான படம் அதுதான், அது மட்டும் எங்களிடம் ஸ்டாக் இல்லை.