ஆலப்புழா கால்வாயில் போடிக் காய்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் நாங்கள் பதினெட்டுப் பேர் இன்று ஆலப்புழா போனோம். பழைய கால்வாயில் வரிசையாக நான்கு சின்னப் படகுகள்.

மலை பஸ் மாதிரி படகும் குடலைப் புரட்டும் என்று பயந்து, எங்களில் மூத்த முத்துமாரி அக்காவின் பொட்டலத்திலிருந்து ஆளுக்கொரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு ஏறினோம். படகு அலுங்கவே இல்லை.

எங்கள் படகில் இருந்த வழிகாட்டி சொன்னார்: "மலைச் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான், சேச்சி, அந்தக் காலத்துல இந்தக் கால்வாயை வெட்டினாங்க."

பிறகு ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். "இதாணு ஏலக்கா. ஒண்ணாந்தரம்!"

அக்கா ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினார்.

"தம்பி, கடகடங்குது, உள்ள வெதை சுருங்கிக் கெடக்கு. பச்சையும் வெளுத்துப்போச்சு. இதையா வர்றவுகளுக்கெல்லாம் காட்டுறீக?"

நாங்கள் சிரித்தோம். வழிகாட்டியின் முகம் வாடிவிட்டது.

அக்கா அந்தக் காய்களைக் கொட்டச் சொல்லி, தன் பொட்டலத்தை அப்படியே டப்பாவில் கவிழ்த்தார். "இதைக் காட்டுங்க. போடிக் காய்னு சொல்லணும்."

"சொல்றேன் சேச்சி."

அந்தப் பக்கம் போகிறவர்கள், அவர் சொல்கிறாரா என்று கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

பஸ் இப்போது போடிமெட்டு வளைவுகளில் இறங்குகிறது. பதினெட்டுப் பேருக்கும் குமட்டுகிறது. வாயில் போட ஒரு ஏலக்காய் இல்லை.