பால் நிறுக்கும் நேரத்துக்குள்

நான்கு மணிக்குக் கொழும்பு விடுதியில் இல்லையென்றால் விமானத்தை மறந்துவிடுங்கள் என்று எங்கள் யாத்திரைக் குழுத் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். கதிர்காமம் முடிந்து, மற்றவர்கள் சேலை வாங்கக் கிளம்பிய கடைசி நாள் அது. நான் மட்டும் விடியற்காலையில் பஸ் பிடித்து, அவிசாவளையில் மாறி, தெஹியோவிட்டவில் போய் இறங்கினேன். என் அக்காவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுபதுகளில் எங்கள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எனக்குப் பதினொரு வயது. கல்யாணமாகிவிட்ட அக்கா இங்கேயே நின்றுவிட்டாள். பிறகு கடிதம்தான். அவளுடைய கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. சோம்பேறித்தனம், வேறு காரணம் சொன்னால் பொய். அது நடந்து ஆறு வருடம். இருக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

பஸ் நிலையத்துக்கு எதிரே நாலைந்து த்ரீவீல் ஆட்டோக்கள் நின்றன. பக்கத்து வண்டிக்காரரோடு சிங்களத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், என் சேலைக்கட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"எந்த டிவிஷனுங்கம்மா? அதுல மூணு இருக்கு."

தெரியவில்லை, கடிதங்களில் தோட்டத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்றேன். தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் விசாரிக்கலாம் என்று நானே யோசனையும் சொன்னேன்.

"லயத்துல யாரு இருப்பா இந்நேரம்? ஒங்க அக்கா பால் வெட்டுறவங்களா?"

"ஆமாம், ரப்பர் பால்தான்."

"அப்ப பால் நிறுக்கிற எடத்துக்குப் போவோம். எல்லாரும் வாளியத் தூக்கிக்கிட்டு அங்கதான் வரணும். எங்கம்மாவும் பால்தான் வெட்டுறாங்க." அண்ணாந்து பார்த்தார். "மழ இருட்டிக்கிட்டு வருது. மழ வந்தா வெள்ளனவே ஊத்திட்டுக் கலஞ்சிருவாங்க. ஹரி, ஏறுங்க!" 'சரி' மட்டும் அவருக்குச் சிங்களத்திலேயே வந்தது.

ஏறி உட்காரும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது. தார் ரோடு முடிந்து கல் ரோடு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பயமா சந்தோஷமா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு அவர் ஹாரன் அடித்தார். எனக்கு மேளம் கொட்டுவது போலிருந்தது.

மேல் டிவிஷனில் கங்காணி அக்காவின் பெயரைக் கேட்டதுமே கையைக் கீழே காட்டினார். "அது கீழ் டிவிஷன்லல்ல இருக்கு!" இருக்கிறாள்! நான் அந்த மனிதரைக் கும்பிட்டே விட்டேன். அதற்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார் நம் ஆள். முதல் தூறல் விழுந்தது.

கீழ் டிவிஷன் கொட்டகையில் வாளிகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். பார்த்த மாத்திரத்தில் அக்காவைக் கண்டுபிடித்துவிட்டேன். அதே நெற்றி, அதே தெற்றுப்பல். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"அம்மா! யாரும்மா இது?" என்று அலறினாள் அவள்.

இருபது வயது முகத்தைத் தேடியல்லவா போயிருக்கிறேன், மடச்சி! நான் பிடித்தது அக்காவின் மகளை. அவளுக்குப் பின்னால், நரைத்த தலையோடு, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அக்கா நின்றாள். உற்றுப் பார்த்தாள். வாளி ஆடிப் பால் அவள் கையெல்லாம் வழிந்தது.

"சின்னவளே," என்றாள்.

டிரைவர் தயங்கித் தயங்கி மணியைச் சொன்னார். இப்போதே கிளம்பினால்தான் விமானம். அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாளியை மகளிடம் கொடுத்து, "நீ எட போட்டு ஊத்திரு. நான் அவிசாவள வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தபடி வழியெல்லாம் திட்டினாள். "ஒரு காயிதம் போட ஒனக்குக் கை வலிச்சிச்சா? செத்துட்டியோன்னு சாமிக்கு வெளக்குப் போட்டேன்டி!" டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அந்தத் திட்டு அவ்வளவு இனித்தது.

அவிசாவளையில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அக்காவின் கையிலிருந்த பால் காய்ந்து, எங்கள் உள்ளங்கை இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. உரித்துத்தான் எடுக்க வேண்டும். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். நானும் இழுக்கவில்லை, அவளும் இழுக்கவில்லை.